வருகைப் பதிவேட்டில் ஏழாவது பெயர்

துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சிவிடுவார்கள். பாயில் உட்கார்ந்ததும், "எப்படி ஆச்சு?" என்று ஆரம்பிப்பார்கள். நான் சொல்ல வேண்டும். ஆனி மாதம் ஒரு காலையில் என் வீட்டுக்காரர் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். நெஞ்சு என்னமோ பண்ணுது என்று துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவுதான். இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் விடவில்லை. நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறவள். துணியோடு வந்தவர்கள்கூட அளவு ரவிக்கையைப் பையிலிருந்து எடுக்காமல், "எப்படிக்கா ஆச்சு?" என்றார்கள். போதுமடா சாமி என்று தையல் மிஷின்மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டேன்.

வந்தவர்கள் எல்லோரும் மறக்காமல் சொன்ன ஒன்று உண்டு. "இருபத்திரண்டு வருசம் வெளிநாட்டுல கெடந்து கஷ்டப்பட்டு, இப்பத்தானே நிம்மதியா வீட்டுல வந்து ஒக்காந்தாரு!" நானும் தலையை ஆட்டுவேன். வீட்டில் எங்கே உட்கார்ந்தார் மனுசர்? காலை ஒன்பது மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போனால், பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். ஏன் அப்படிப் போனார் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதை மகளிடம்கூட நான் வாய் திறந்து சொன்னதில்லை.

கல்யாணமான ஏழாம் மாதம் சவுதியில் தம்மாமுக்குப் போனவர். இரண்டு வருசத்துக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார். அதுவரை நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததை எல்லாம் கூட்டினாலும் இரண்டு வருசம் தேறினால் அதிகம். போன ஐப்பசியில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, பெரிய பெட்டி இரண்டோடு வந்து இறங்கினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதுப்பெண் மாதிரி முதல் வாரம் தினமும் தலைக்குப் பூ வாங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரமே எரிச்சல் வந்துவிட்டது. காலை நாலு மணிக்கு எழுந்திருப்பார். போர்வையை நாலாக மடித்துத் தலையணைமேல் வைப்பார். தன் தட்டைத் தானே கழுவுவார், தன் சட்டையைத் தானே துவைப்பார். கொடியில் ஒரு ஓரமாக ஒரு முழம் இடம் மட்டும் எடுத்துக்கொண்டு காயப்போடுவார். ஒரே அறையில் எட்டுப் பேரோடு இருந்த பழக்கம். குளிக்கப் போகும் முன்னால், "உள்ள யாரும் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் தள்ளுவார். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்; மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். யாரோ ஒரு நல்ல மனுசருக்கு ரூம் வாடகைக்கு விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

பேசத்தான் வரவில்லை. போனில் அப்படிப் பேசினவர்! அங்கே வெள்ளிக்கிழமை லீவு. வெள்ளிதோறும் காலை பத்தரைக்குப் போன் வரும், ஒரு மணி நேரம் போவதே தெரியாது. கத்தரிக்காய்க் கூட்டுக்கு உப்புக் கூடிப்போனது வரைக்கும் கேட்பார். எதிரே உட்காரவைத்தால் இருவருக்கும் வாய் அடைத்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை அடுப்படியில் நிற்கிறேன், போன் அடிக்கிறது. எடுத்தால் அவர். கொல்லையில் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு கூப்பிடுகிறார்.

"என்ன செய்யிற?" என்றார்.

"ரசம் வைக்கிறேன். நீங்க என்ன செய்யிறீங்க?"

"சும்மாதான் நிக்கிறேன். வெயிலு இன்னைக்கிக் கம்மிதான்."

சன்னல் வழியாகப் பார்த்தால் அவர் முதுகு தெரிகிறது. இருபது நிமிடம் பேசினோம். ரசம் பொங்கி வழிந்துபோயிற்று. உள்ளே வந்தபோது இரண்டு பேரும் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டோம். அந்த இருபது நிமிடத்துக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன். இன்னும் நாலு தடவையாவது அவரைக் கொல்லைக்குத் துரத்திவிட்டிருக்கலாம்.

அந்தக் கார்த்திகை தீபத்தன்றுதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. நான் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள், உதவி செய்கிறேன் என்று என் அடுப்படி அலமாரி முழுவதையும் மாற்றி அடுக்கிவைத்திருந்தார். டப்பாவெல்லாம் பெரிசு சிறிசாக வரிசையில் நிற்கிறது. ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, சீரகம், சோம்பு, கடுகு என்று எழுதியிருக்கிறார். பணியாரத்துக்கு மாவு காத்திருக்கிறது, ஏலக்காய் எங்கே என்று தெரியவில்லை. விளக்கேற்றுகிற நேரம் நெருங்குகிறது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ!

"யாரு ஒங்களத் தொடச் சொன்னது? இருபத்திரண்டு வருசமா நான் ஒருத்தியா இந்த வீட்டை நடத்தல? இதுக்கு நீங்க அங்கிட்டே இருந்திருக்கலாம்ல!"

அவர் ஏலக்காய் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு வாசலுக்குப் போய் அகல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றினார். அதோடு முடிந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவர் நூலகத்துக்குப் போகிறார் என்பதே மார்கழியில் பால்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வந்த நாளிலிருந்தே பேங்க், ஆதார், டீக்கடை என்று காலையில் எங்காவது கிளம்பிக்கொண்டுதான் இருந்தார். அதனால் நான் கவனிக்கவில்லை. அவர் கண்ணை மூடிய பிறகு இந்த ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. நூலகத்துக்கு அவர் முதலில் போனது கார்த்திகைக்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால், பேப்பர் படிக்கிற ஆசையில் போனார் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். பின்னால் என்றால், நான்தான் வாயால் விரட்டியிருக்கிறேன். வீடு வந்து சேர்ந்தவருக்கு வீட்டை இல்லாமல் ஆக்கியவள் நான்.

ஆடி மாதம் பாதியில் ஒரு நாள், வாசலில் இரண்டு பெண்கள் துக்கம் கேட்கச் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தேன். கொல்லைக் கதவு வழியாக இறங்கி நடந்துவிட்டேன். கால் எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை. போய் நின்ற இடம் நூலகம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறைக் கட்டடம். முன்அறையில் நீள மேசை, அதைச் சுற்றி ஆறேழு ஆண்கள். ஒரு பேப்பரை நாலு தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். ஒரு பெண்பிள்ளைகூட இல்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது நூலகர் எழுந்து வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். காரியத்துக்கு வந்திருந்தாள், முகம் ஞாபகம் இருந்தது. "வாங்கக்கா" என்றாள். எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை. சன்னலோரம் ஒரு நாற்காலியைக் காட்டி, "சார் இதுலதான் ஒக்காருவாரு" என்றாள். அவளுக்கு வருகிற ஆண்கள் எல்லோருமே சார்தான்.

"என்ன படிப்பாரு?"

அவள் தயங்கினாள். "பேப்பர முன்னாடி பிடிச்சுக்கிட்டுத் தூங்குவாருக்கா. நல்லாத் தூங்குவாரு. பன்னெண்டு மணிக்கு நான்தான் எழுப்புவேன்."

வீட்டில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார், மூச்சிலேயே தெரிந்துவிடும். எட்டுப் பேர் இருமலுக்கும் புரளலுக்கும் நடுவே தூங்கிப் பழகியவருக்கு எங்கள் வீட்டு அமைதி ஒத்துவரவில்லை. பக்கத்தில் நாலு பேர் தாளைப் புரட்டிக்கொண்டும் தொண்டையைச் செருமிக்கொண்டும் இருந்தால்தான் கண் சொருகியிருக்கிறது. அதுகூடத் தெரியாமல் ஒரு பெண்டாட்டி. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அன்றைக்கு நானும் அரை மணி நேரம் தூங்கினேன். அவர் போன பிறகு நான் நன்றாகத் தூங்கியது அதுதான் முதல் தடவை.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். வெள்ளிக்கிழமை மட்டும் நூலகத்துக்கு லீவு. அன்றைக்கு வீட்டில் இருப்பதற்குள் பைத்தியம் பிடித்துவிடும். மற்ற நாளெல்லாம் ஒன்பது மணிக்கு அந்த நாற்காலி. உள்அறையில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் உதட்டை அசைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வார்கள். மேசை ஆண்கள் முதல் வாரம் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. படித்து முடித்த தாளை மெல்ல என் பக்கம் தள்ளுவார்கள். "இந்தப் பக்கம் வேணுமாம்மா?" என்பதுதான் அவர்கள் என்னிடம் பேசிய அதிகபட்சப் பேச்சு. எனக்கு அது போதுமாக இருந்தது. பக்கத்தில் ஆள் வேண்டும், ஆனால் ஒருவரும் என்னை எதுவும் கேட்கக் கூடாது. அப்படி ஓர் இடம் இந்த ஊரில் வேறெங்கே இருக்கிறது? கோயிலில்கூடக் குருக்கள் விசாரிக்கிறார்.

கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தேனீ வளர்ப்பு, பழைய மாத நாவல்கள், கிணறு வெட்டுவது எப்படி என்று ஒரு புத்தகம். சில நாள் ஒரே பக்கத்தை மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணீர் வந்தால் புத்தகத்தை உயர்த்திக்கொள்வேன். சில நாள், இப்போது அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே வருவார், என் நாற்காலியில் நீ என்ன செய்கிறாய் என்பார் என்று தோன்றும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பேன். வெட்கமாக இருக்கும்.

நூலகரிடம் ஒரு முறை கேட்டும் பார்த்தேன், அவர் எப்போதிலிருந்து வந்தார் என்று. "ரொம்ப நாளா வாராருக்கா" என்றாள். அதற்குமேல் குடைந்து கேட்க எனக்குப் பயம்.

புரட்டாசியில் ஒரு நாள், சித்தன்னவாசல் பார்க்கப் போகிற ஒரு குடும்பம் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தது. பாத்ரூம் வேண்டும். நூலகர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "மொதல்ல இதுல எல்லாரும் கையெழுத்துப் போடுங்க" என்றாள். எத்தனை பேர் வந்தார்கள் என்று மாதாமாதம் அவள் மேலே காட்ட வேண்டும். அந்த ஆறு பேரும் அவசரத்தில் காலை மாற்றி மாற்றி நின்று வாசகர்களாகப் பதிவானார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. அவர்கள் போன பிறகு பதிவேடு மேசையில் என் முன்னால் திறந்து கிடந்தது. தேதி, வரிசை எண், பெயர், முகவரி, கையொப்பம். அடி ஆத்தி, இது இத்தனை நாளும் இங்கேயேதானே இருந்திருக்கிறது என்று நினைத்தேன். நான் இதில் கையெழுத்தே போட்டதில்லை. முதல் நாளே, "நீங்க போய் ஒக்காருங்கக்கா, நான் எழுதிக்கிறேன்" என்று சொல்லியிருந்தாள்.

அவர் முதலில் வந்த நாளைத் தேடிப் பின்னால் புரட்டலாம் என்று முந்தின நாள் பக்கத்தைத் திருப்பினேன். எட்டாவதாக என் பெயர். ஏழாவதாக அவர் பெயர்.

நேற்று வந்திருக்கிறார். முந்தாநாளும் வந்திருக்கிறார். ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் திருப்பினேன். வெள்ளிக்கிழமை தவிர ஒரு நாள் விடவில்லை. செத்துப்போன அன்றைக்கு வந்திருக்கிறார். பதினாறாம் நாள், நான் வீட்டில் புகைக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது, அவர் இங்கே பேப்பர் படித்திருக்கிறார்.

"என்னடி இது?" என்று கத்தினேன். மேசையில் இருந்த அத்தனை பேரும் தாளுக்கு மேலே தலையை நீட்டினார்கள். "செத்த மனுசன வரவுல போட்டு வச்சிருக்கியே, ஒனக்குக் கண்ணு தெரியலயா?"

அவள் ஓடி வந்து பார்த்தாள். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. பேப்பர் படிக்க வருகிறவர்கள் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. முந்தின நாள் பக்கத்தைப் பார்த்து, தினமும் வருகிறவர்கள் பெயரைச் சாயங்காலம் பூட்டுகிற நேரத்தில் அவளே எழுதிவிடுவாள். "காரியத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவதானக்கா நான்? அன்னைக்கிச் சாயந்தரமும் எழுதியிருக்கேனே! கை தானா எழுதிருச்சுக்கா. சத்தியமா வேணும்னு செய்யல" என்று அழுதாள். சிவப்புப் பேனாவை எடுத்து, "இப்பவே அடிச்சிர்றேன்" என்றாள்.

"அடிக்காத" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி அந்தப் பக்கங்களைப் பார்த்தேன். ஆடியிலிருந்து ஒவ்வொரு நாளும் ஏழு அவர், எட்டு நான். இருபத்துமூன்று வருசக் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேரும் இத்தனை நாள் தொடர்ந்து ஓர் இடத்துக்குச் சேர்ந்து போனதில்லை. பொய்தான். பொய் என்று தெரிந்தும் விரலால் தடவிப் பார்த்தேன்.

பிறகு கேட்டுவிட்டேன். "போன வருசப் பதிவேடு இருக்கா?"

பீரோவின் அடித்தட்டில் சணல் கட்டிக் கிடந்தது. ஐப்பசிப் பக்கங்களை முதலில் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். அவர் பெயர் இல்லை. கார்த்திகை மாதப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். தீபத்தன்று வரை இல்லை. அதற்கு மறுநாள் இருந்தது. நூலகர் எழுதியது இல்லை, அவரே எழுதியது. டப்பாக்களில் ஒட்டியிருந்த அதே எழுத்து.

ஆக, நான்தான். அவரை விரட்டியது நான்தான். இனி சமாதானம் சொல்லிக்கொள்ள ஒரு வழியும் இல்லை. பதிவேட்டை மூடப் போனேன். அப்போதுதான் பெயருக்கு அடுத்த முகவரிக் கட்டத்தைப் பார்த்தேன். முதலில் தம்மாம் என்று எழுதியிருக்கிறார். அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே இடம் போதாமல் நுணுக்கி நுணுக்கி, எங்கள் கதவு எண், தெருப் பெயர், ஊர், பின்கோடு வரை எழுதியிருக்கிறார். இந்த நூலகத்தில் யாரும் முகவரிக்கு ஊர்ப் பெயருக்குமேல் எழுதுவதில்லை. பக்கம் பக்கமாகப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.

கடிதமோ, பெட்டியோ, இருபத்திரண்டு வருசமாக அவர் பெறுநர் என்று போட்டு எழுதிய முகவரி அது. முதன்முதலாக அதைத் தன்னுடையது என்று எழுதியிருக்கிறார். அங்கிட்டே இருந்திருக்கலாம்ல என்று நான் சொன்ன மறுநாள் காலையில்.

அழுதேன். புத்தகத்தை உயர்த்திக்கொள்ளவில்லை. அத்தனை ஆண்களுக்கு முன்னால், பரீட்சைப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

அந்த முகவரியை எழுதிய அன்றைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்திருப்பார். நான் சோறு போட்டிருப்பேன். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.